உம்மா சொன்ன மீன் ஆணம்

அடுப்பில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. உம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முள்கரண்டியால் அதைப் பிரித்துவிட்டபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"விளமீனுங்க. காலையிலதான் பாம்பன்லேருந்து வந்துச்சு. கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு. வெட்டிக் கழுவி, மஞ்சத்தூள் பெரட்டி வச்சிட்டேன்."

மறுமுனையில் வாப்பா என்னவோ கேட்டார்.

"புளி ஊறுது. சின்ன வெங்காயம் உரிச்சாச்சு. இனிமே சட்டிய வைக்க வேண்டியதுதான்."

நானும் தங்கையும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் விளமீனும் இல்லை, ஊறுகிற புளியும் இல்லை. தங்கை வாயைத் திறக்கப் போனாள். உம்மா உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு நூடுல்ஸோடு வந்த மசாலாப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, பாத்திரத்தில் கொட்டிக்கொண்டே, "வெந்தயம் பொரிஞ்சதும் கருவேப்பிலையப் போடணும். கருகிடக் கூடாது," என்றாள்.

அந்த மசாலாவின் மணம்தான் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையின் மணம். ஆனால் காதில் விழுந்ததெல்லாம் மீன் ஆணம். இரண்டும் எனக்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் எங்காவது யாராவது நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் எனக்கு விளமீன் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்போம். போன வாரம் இதே பகுதியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது, மதியச் சாப்பாட்டு வேளையில் 'ஆணம் மணக்கும் தெரு' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "எந்தத் தெருவுல மணந்துச்சு? நம்ம வீட்டுலயா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததால் எழுதுகிறேன் இதை.

வெள்ளிக்கிழமைக் கேள்வி

நான் நடக்கத் தொடங்கும் முன்பே வாப்பா வளைகுடாவுக்குப் போய்விட்டார். ஒரு கம்பெனியில் ஏ.சி. பழுது பார்க்கிற வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாப்பாமார்கள் போனுக்குள்தான் இருந்தார்கள். ஆகையால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்ஆ தொழுகைக்கு வெகு நேரம் முன்பே அவருடைய போன் வந்துவிடும். எங்களோடு இரண்டு வார்த்தை: படிக்கிறீங்களா, ஓதுறீங்களா, உம்மா பேச்சக் கேக்குறீங்களா. பிறகு போன் உம்மாவிடம் போகும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான்.

"இன்னைக்கு என்ன ஆக்கப் போறே?"

தொடக்கத்தில் உம்மா உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னைக்கு நூடுல்ஸுங்க. புள்ளைக அதத்தான் கேக்குதுக," என்றாள்.  லைன் கட்டாகிவிட்டதோ என்று உம்மா இரண்டு முறை அலோ அலோ என்றாள்.

பிறகு வாப்பா சொன்னது அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. "நான்தான் இங்கன கெடந்து அதத் திங்கிறேன். எம் புள்ளைகளும் அதத்தான் திங்குதா?"

கோபமாகச் சொல்லவில்லை என்பாள் உம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாளாம். குரல் இறங்கிப் போய்விட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கேள்வி வந்தபோது, அவள் வாயிலிருந்து தானாகவே மீன் ஆணம் வந்தது.

மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதாம். "எப்படி ஆக்கப் போறே? சொல்லு. கேட்டாவது திங்கிறேன்," என்றாராம் வாப்பா.

அன்றிலிருந்து ஆண்டுக்கணக்கில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைகளில் உம்மா போனிலேயே சமைத்தாள்.

டப்பாவில் வந்த மீன்

அப்போதெல்லாம் யாராவது ஊருக்கு வந்தால் அவர்களிடம் வாப்பா ஓர் அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்புவார். கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பேனாவால் எங்கள் தெருப்பெயர் எழுதியிருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போது எழுகிற மணத்தை நான் இன்றுவரை வேறெங்கும் முகர்ந்ததில்லை: சோப்பு, பால்பவுடர், ஆரஞ்சுத் தூள், கொஞ்சம் தைலம்.

பால்பவுடர் டின்னைத் திறந்தால் அதன்மேல் ஒரு வெள்ளித்தாள். அதை யார் குத்துவது என்று எனக்கும் தங்கைக்கும் சண்டை. கண்ணாடிக் குடுவையில் பாலாடைக்கட்டி. தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ஆரஞ்சுத் தூள். எங்கள் ஊர் நாக்குக்குத் தெரியாத ருசிகளெல்லாம் அந்தப் பெட்டியில்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

ஒரு தடவை பெட்டிக்குள் வட்டமான சின்னச் சின்ன டப்பாக்கள். மேலே மீன் படம். உம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்று கொஞ்சம் திரும்பினால் அலைச்சத்தம் கேட்கிற வீடு எங்களுடையது.

"கடல்ல மீனே இல்லாமப் போச்சுன்னு நெனச்சுட்டாரா ஒங்க வாப்பா?" என்றாள்.

ஆனால் அந்த டப்பா மீன் எங்களுக்குப் பிடித்துப்போனது. முள் இல்லை. நாற்றம் இல்லை. ரொட்டிக்குள் வைத்துக் கடித்தால் போதும். உம்மா நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் போகவில்லை

உம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாப்பா ஊரில் இருந்த காலத்தில் வீட்டுக்கு ஆள் வராத நாள் கிடையாதாம். அவர் சேக்காளிகள் யாராவது வந்தபடியே இருப்பார்கள். பெரிய சட்டியில் ஆக்கினாலும் இரவுக்கு மிச்சமிருக்காதாம்.

வாப்பா போய், தங்கையும் பிறந்த பிறகு, வீட்டில் வாய்கள் மூன்றே மூன்று. பிறகு ஒரு நாள் தங்கையின் தொண்டையில் காரல்மீன் முள் சிக்கிக்கொண்டது. சோற்று உருண்டையை விழுங்கச் சொன்னோம், வாழைப்பழம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு உம்மா ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பஸ்ஸில் தங்கை அழவும் முடியாமல் வாயைத் திறந்தபடியே இருந்தாள். முள்ளை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன்பிறகு மீன் சட்டியைப் பார்த்தாலே அவளுக்கு வாந்தி வந்தது.

அடுத்தடுத்து உம்மா வைத்த ஆணமெல்லாம் மிஞ்சியது. இரண்டாம் நாள் சுடவைத்து அவளே தின்பாள். மூன்றாம் நாள் கோழிக்குப் போகும். "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ஒரு சட்டி?" என்று ஒரு நாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குள் வீட்டில் தையலும் ஆரம்பித்திருந்தாள். பெருநாள் நெருங்கினால் துணி மலைபோல் குவியும். தெருமுனைக் கடையில் முதலில் இட்லிமாவு பாக்கெட் வந்தது. பிறகு மீன் மசாலா, கோழி மசாலா. பிறகு இஞ்சி பூண்டு விழுது, புளிக் கரைசல். கடைசியில் ஐஸ்பெட்டிக்குள் கல்லாக உறைந்த பரோட்டா. ஒவ்வொன்றும் விருந்தாளி மாதிரிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்று வந்தது. எதுவும் திரும்பிப் போகவில்லை. அம்மியின் மேல் மிக்ஸி ஏறி உட்கார்ந்தது. பிறகு மிக்ஸியும் சும்மா இருந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாப்பா விடுப்பில் வருவார். அந்த நாட்களில் மட்டும் வீடு வேறு வீடாகிவிடும். விடியும் முன்பே தேங்காய் துருவுகிற சத்தம். இடியாப்பமும் பாலும், நெய்ச்சோறு, சீலா மீன் பொரியல். தங்கைக்கு முள் இல்லாத துண்டாகப் பார்த்து உம்மாவே பிய்த்து வைப்பாள். எங்கள் சொந்த வீட்டில் நாங்கள் விருந்தாளிகள் மாதிரிச் சாப்பிடுவோம். வாப்பாவை ஏற்றிக்கொண்டு கார் தெருமுனையில் திரும்பியதும், அன்று மதியமே பாக்கெட் பிரியும்.

எனக்கு அந்தக் காரைவிட அந்தப் பாக்கெட் சத்தம்தான் அழுகையைக் கொண்டுவரும்.

வீடியோ

கையில் பெரிய போன் வந்த காலத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்தது. தெருவில் எல்லா வீட்டிலும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். வாப்பா ஒரு நாள், 'சட்டியக் காட்டு' என்று கேட்டுவிட்டால்?

உம்மா அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். நெட் கிடைக்கலை, கேமராவில் எண்ணெய் தெறித்துவிட்டது, கரண்ட் போய் அடுப்படி இருட்டாக இருக்கிறது. ஆனால் வாப்பா கேட்கவே இல்லை. "இங்கன வீடியோ சரியா வராது," என்று முந்திக்கொண்டு அவரே சொல்லிவிட்டார். எங்களுக்கு நிம்மதி.

ஒன்று மட்டும் விளங்காமல் இருந்தது. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போனில் வருவது எங்களுக்கும் லேசாகக் கேட்கும். உம்மா சொல்லச் சொல்ல அவர் இடையிடையே, "இரு, இரு," என்பார். "வெங்காயம் எந்த நெறத்துக்கு வரணும்? ... ம். ... இப்பச் சொல்லு." அந்த இடைவெளிகளில் போனில் ஒரு இரைச்சல் கேட்கும், மழை பெய்கிற மாதிரி. பாலைவனத்தில் ஏது மழை என்று நான் நினைத்துக்கொள்வேன். லைன் கோளாறு என்பாள் உம்மா.

நூடுல்ஸ் தின்பதாக ஒரு தடவை வாய்விட்டதோடு சரி; அதன்பிறகு அவர், "எனக்கென்ன, கம்பெனி மெஸ்ல நல்ல சாப்பாடு," என்பதோடு தன் சாப்பாட்டுக் கதையை முடித்துக்கொள்வார்.

கேட்காத கேள்வி

சர்க்கரை வந்து, கால் மரத்துப்போய், வாப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். நான் அப்போது ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கியிருந்தேன். தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது.

முதல் சில வாரங்கள் உம்மா விடுப்புக்காலம் போலவே ஆக்கிப் போட்டாள். ஆனால் இது விடுப்பு இல்லையே. முடிகிற நாள் என்று ஒன்று இல்லை. முழங்கால் வலி, கண் மங்கல், தையல். மெல்ல மெல்ல மசாலாப் பாக்கெட் வந்தது, விழுது வந்தது, ஓர் இரவு உறைந்த பரோட்டாவும் வந்துவிட்டது. வாப்பா பிய்த்துத் தின்றுவிட்டுக் கை கழுவினாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது உம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ஒங்க வாப்பாவுக்கு எம்மேல கோவம்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. அதான். வந்ததுலேருந்து ஒரு நாளாவது, இன்னைக்கு என்ன ஆக்கப் போறேன்னு கேட்டாரான்னு பாரு. வாரா வாரம் கேட்ட மனுசன். எல்லாம் தெரிஞ்சுபோச்சு அவருக்கு. பொய்க்காரின்னு நெனச்சுட்டாரு."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. காஸ் அடுப்பின் மேடையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே.

முதுகுளத்தூரிலிருந்து வந்தவர்

அன்று மதியம்தான், வளைகுடாவில் வாப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த முனியசாமி அண்ணன் மனைவியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். வேலையை விட்டு வந்து ஊரில் ஆடும் மிளகாய்த் தோட்டமுமாக இருந்தார். விருந்துக்கு நெய்ச்சோறும் கோழியும் தயாராகியிருந்தன. கோழி, பாக்கெட் மசாலாவில்.

வாப்பா மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். முனியசாமி அண்ணன் கையில் ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் வற்றல். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க, உள்ள வாங்க. அவுக தொழப் போயிருக்காக. இப்ப வந்துருவாக. தண்ணி குடிக்கிறீங்களா?"

நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இந்தக் கொரல்தான். நாஞ் சொல்லல? இந்தக் கொரலேதான்."

உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கொரலு?"

"வெள்ளிக்கெழமக் கொரலுக்கா! நீங்க போன்ல சொல்லச் சொல்லத்தான நாங்க ஆக்குவோம். அண்ணன் சட்டிகிட்ட நிப்பாரு. நான் வெங்காயம் வெட்டிக் குடுப்பேன். போன ஸ்பீக்கர்ல போட்டு அரிசி டின்னு மேல வச்சிருவோம். வெந்தயம் பொரிஞ்சதும்னு நீங்க சொல்லுவீக, அவரு போடுவாரு. ரூம்ல ஒரு பய வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அண்ணன் கரண்டியக் காட்டுவாரு."

உம்மா முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"ஸ்பீக்கர்லயா?"

"ஆமாக்கா. எட்டுப் பேரு கேப்போம்."

முனியசாமி அண்ணனின் மனைவி அவர் கையை இடித்தார். அவர் நிறுத்துவதாக இல்லை. வாரம் முழுக்க ரொட்டியும் டப்பா மீனும்தான் என்றார். மெஸ்ஸா, எந்த மெஸ், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றார். வேலை முடிந்து வந்தால் அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெம்பிருக்காது. நூடுல்ஸில் வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம் என்றார்.

"ஒங்க வெள்ளிக்கெழம ஆணம் இல்லேன்னா நான் ஓடி வந்திருப்பேன்க்கா. அத ஒங்க கையால ஒரு தடவ சாப்புடணும்னுதான் இவளையும் கூட்டிக்கிட்டு வந்தேன்."

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் கேட்ட மழை எது என்று அப்போதுதான் விளங்கியது. அது சட்டியில் வெங்காயம் வதங்கிய சத்தம். கடல் தாண்டி ஓர் அறையில் விளமீன் ஆணம் கொதித்த சத்தத்தை, நூடுல்ஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தெரியும்

உம்மா நினைத்திருந்தால் அப்போதும் சமாளித்திருக்கலாம். மீன் கிடைக்கலை தம்பி, அடுத்த தடவை வாங்க என்றிருக்கலாம். முனியசாமி அண்ணன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் அத ஆக்கவே இல்ல, தம்பி," என்றாள். "அவுக லீவுல வந்தாத்தான் மீனு. மத்த நாளெல்லாம் எங்க வீட்டுலயும் நீங்க தின்ன அதே நூடுல்ஸுதான். போன்ல சொன்னதெல்லாம் பொய்யி."

வாப்பா வந்து வாசல்படியில் நின்றது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தலையில் தொப்பி. ஒரு செருப்பைக் கழற்றியவர் இன்னொன்றைக் கழற்றாமல் நின்றார். உம்மா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"தெரியும்," என்றார் வாப்பா.

உள்ளே வந்து உட்கார்ந்தார். "விசைப்படகு ஒண்ணுகூடக் கடலுக்குப் போகாத தடைக்காலத்துல, சந்தையில சீலா மீனு குமிஞ்சு கெடக்குன்னு சொன்னியே, அன்னைக்கே தெரியும். அப்புறம் ஒரு தடவ, தேங்காப் பால் பிழியிறேன்னு சொல்றே, பின்னாடி தையல் மிசின் ஓடுது."

"தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?"

"நீ சொல்றத நிறுத்திட்டீன்னா நாங்க வெள்ளிக்கெழம என்னத்தத் திங்கிறது?"

முனியசாமி அண்ணன் ஹோவென்று சிரித்துவிட்டார். உம்மா சிரிக்கவில்லை. அவள் வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அப்ப ஊருக்கு வந்ததுலேருந்து ஏன் ஒரு நாளும் கேக்கல?"

வாப்பா தன் மரத்துப்போன பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "அங்கனேருந்து கேட்டா நீ சொன்னாப் போதும். இங்கன உக்காந்து கேட்டா, நீ எந்திரிச்சுப் போயி ஆக்கணும்ல. ஓம் முழங்காலு படுற பாடு எனக்குத் தெரியாதா?"

உம்மா விடுவிடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். முனியசாமி அண்ணனின் மனைவியும் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இரண்டு பேரும் பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிக்கிற சத்தம்.

அன்று சாயங்காலம் கரைக்கு வந்த வள்ளத்தில் விளமீன் கிடைத்தது. சட்டிமுன் நின்றவர் வாப்பா. வெங்காயம் வெட்டியவர் முனியசாமி அண்ணன். உம்மா தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா ஆக்கிப் பரிமாறி உம்மா சாப்பிட்டதை நான் பார்த்தது அன்றுதான். முதல் வாயை மென்று விழுங்கிவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"நான் சொன்னத விட நல்லா இருக்கு."

ஆனால் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியசாமி அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நல்லாத்தாண்ணே இருக்கு. ரூம்ல ஆக்குன மாதிரி இல்ல."

அறையில் அவர்கள் ஊற்றியது டின்னில் அடைத்த தேங்காய்ப்பால். கரைத்தது பாக்கெட் புளி. மீன்கூட ஐஸில் கிடந்த மீன். கடற்கரையில் உட்கார்ந்து, அன்று பிடித்த மீனையும் அன்று உடைத்த தேங்காயையும் தின்றுகொண்டே, இருவரும் அந்த டின் ருசிக்கு ஏங்கினார்கள். எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. நூடுல்ஸ் மணத்தில் விளமீனைத் தேடுகிறவள்தானே நானும்.

சொன்னவள் மறந்தது

அதன்பிறகு எங்கள் வீடு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. வாரநாட்களில் மாவுப் பாக்கெட்டும் மசாலாப் பாக்கெட்டும் வழக்கம்போல் வந்தன. என் வீட்டு ஐஸ்பெட்டியை இப்போது திறந்தாலும் பரோட்டா இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அவர்கள் இருவரும் சேர்ந்து ஆக்கினார்கள்.

வாப்பாவின் கால் இன்னும் மோசமாகி, நிற்க முடியாமல் போனபோது, அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது உம்மா ஆக்கினாள், அவர் சொன்னார். ஏனென்றால் உம்மாவுக்குத் தான் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. இல்லாத சட்டியில் எதைப் போட்டால் என்ன? வாரத்துக்கு ஒன்றாக ஏதேதோ சேர்த்திருக்கிறாள். ஒரு வாரம் முருங்கைக்காய், ஒரு வாரம் மாங்காய். எங்கள் குடும்பத்தில் யாரும் விளமீனில் மாங்காய் போட்டதில்லை. அது அவள் நூடுல்ஸ் கிளறிக்கொண்டே கட்டிய கதை. அந்தக் கதையை ஒரு சொல் விடாமல் வைத்திருந்தவர் வாப்பா.

"மாங்கா போடவா?"

"பொறு. இன்னும் இல்ல. ... ம், இப்பப் போடு."

அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முழுக்க உம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டதைத் தின்றாள். அது நின்றதும் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இத்தா முடிந்து வந்த வெள்ளிக்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டு, விளமீனும் ஒரு மாங்காயும் வாங்கிக்கொண்டு போனேன். உம்மா பையைத் திறந்து பார்த்தாள். அரிவாள்மணையை எடுத்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெங்காயம் வதங்கியது, தேங்காயின் தண்ணிப் பால் கொதித்தது, மீன் இறங்கியது. மாங்காய்த் துண்டுகளைக் கையில் அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத இப்பப் போடணுமா, அப்புறமா?"

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. அத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். எனக்கு வெந்தயத்தைத் தாண்டி ஒன்றும் நினைவில்லை. அவள் கை ஈரத்தோடு சட்டியின் மேலேயே நின்றது. நான் முனியசாமி அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவளிடம் நீட்டினேன்.

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. உம்மா கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"மீனு வெள்ளையா மாறட்டும்க்கா. மாறுனப்புறம் மாங்காயப் போட்டு ஒரு கொதி. அப்புறம் கட்டிப் பால ஊத்தி எறக்கிருங்க."

"அப்படியா? யாரு சொன்னா ஒங்களுக்கு? அவுகளா?"

"நீங்கதான்க்கா சொன்னீக."

உம்மா அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். கையில் மாங்காயோடு, மீன் வெள்ளையாக மாறும்வரை சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.